கட்டிடம் நிற்கிறது, காசு எங்கே?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி. வீடு கட்டுகிறவரின் கஷ்டத்தை அது சொல்கிறது. கட்டிக் கொடுத்தவரின் கஷ்டத்தைச் சொல்ல யாரும் பழமொழி உண்டாக்கவில்லை. ஆனால் அந்தக் கஷ்டம் ஊருக்கு ஊர் உண்டு.

வேலை முடிந்து சாரத்தைப் பிரித்தாகிவிட்டது. கிரகப்பிரவேசமும் ஆகிவிட்டது. மேஸ்திரியை மனையில் உட்கார வைத்து, வேட்டி துண்டு கொடுத்து, சந்தனமும் பூசினார்கள். கடைசித் தவணைப் பணத்தை மட்டும் கொடுக்கவில்லை.

"அடுத்த வாரம் வாருங்கள், மேஸ்திரி" என்றார் வீட்டுக்காரர். அடுத்த வாரம் போனால், "மேற்கு ஜன்னல் சரியாகச் சாத்தவில்லையே" என்றார். அதற்கும் அடுத்த வாரம், "மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை இவ்வளவு உயரமாக நான் கட்டச் சொன்னேனா? எழுத்தில் இருக்கிறதா?" என்று ஒரே போடாகப் போட்டார்.

இங்கே இப்படி. அங்கே மேஸ்திரி வீட்டு வாசலில் செங்கல் சூளைக்காரர் நிற்கிறார், மணல் லாரிக்காரர் நிற்கிறார், கம்பிக் கடைக் கணக்குப்பிள்ளை நிற்கிறார். சனிக்கிழமை வந்தால் சித்தாளுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். சித்தாளிடம் போய், "எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்க முடியுமா?

ஒப்பந்தப் பத்திரம் இல்லை. அல்லது இருக்கிறது, ஆனால் அது சட்டப்படி செல்லாது. அப்படியானால் உழைத்த உழைப்பும் கொடுத்த சாமானும் போனது போனதுதானா?

இந்தக் கேள்வி ஒரு சமயம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. கேட்டவர் ஒரு காண்டிராக்டர். பணம் கொடுக்க மறுத்ததோ ஒரு வீட்டுக்காரர் அல்ல, சர்க்காரே மறுத்தது! 1944-ல் செய்த வேலைக்கு 1961 டிசம்பர் 5-ந் தேதி தீர்ப்புக் கிடைத்தது. கட்டிட வேலை செய்கிறவர்களும், செய்யச் சொல்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு அது.

ஆரம்பாக்கில் நடந்தது

வங்காளத்தில் ஹூக்ளி ஜில்லாவில் ஆரம்பாக் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதற்கு அருகில் உள்ளது கானாகுல். ராஜா ராம்மோகன் ராய் பிறந்த ராதாநகர் இந்தக் கானாகுல் வட்டாரத்தில்தான் இருக்கிறது.

1943-ல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் பிடித்து ஆட்டியது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். மறு வருஷம், சிவில் சப்ளை இலாகாவுக்கு அவசரம் அவசரமாகக் கிடங்குகள் தேவைப்பட்டன. பி.கே. மண்டல் அண்டு சன்ஸ் என்ற கட்டிடக் காண்டிராக்ட் கம்பெனி, ஆரம்பாக்கில் தற்காலிகக் கிடங்குகள் கட்டித் தருவதாக 1944 பிப்ரவரியில் எழுதிக் கொடுத்தது. இலாகா ஒப்புக்கொண்டது. கிடங்குகள் எழுந்தன. அந்த வேலைக்கு உரிய 39,476 ரூபாய் அந்த வருஷமே பட்டுவாடா ஆகிவிட்டது. இதில் தகராறு ஒன்றும் இல்லை.

வம்பு அடுத்த வேலைகளில்தான் வந்தது.

ஏப்ரல் மாதம் அந்தக் கம்பெனியைச் சப்-டிவிஷனல் ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். ஒரு மண் சாலை, காவலாளிக்கு ஓர் அறை, ஓர் ஆபீஸ், ஒரு சமையலறை, குமாஸ்தாக்களுக்கு ஓர் அறை. இவற்றைக் கட்ட எஸ்டிமேட் கேட்டார். கம்பெனி கொடுத்தது. இலாகாவின் மேலதிகாரி ஒருவர் ஆரம்பாக்குக்கே நேரில் வந்து, "எஸ்டிமேட்படி வேலையை நடத்துங்கள்" என்று உத்தரவு கொடுத்தார். வேலை முடிந்தது. பில் 2,322 ரூபாய் 8 அணா.

கானாகுலிலும் இதே கதைதான். அங்கே சரக்கு வைக்கும் கொட்டகைகள் வேண்டும் என்றார்கள். எஸ்டிமேட் போயிற்று. "வேலையை ஆரம்பிக்கலாம்" என்று இலாகாவின் உதவி டைரக்டர் கடிதமே எழுதினார். கொட்டகைகள் எழுந்தன. பில் 17,003 ரூபாய்.

இரண்டும் சேர்ந்தால் 19,325 ரூபாய்க்கு மேல். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. சர்க்கார் கட்டிடங்களை ஏற்றுக்கொண்டது, உபயோகித்தது. பணத்தை மட்டும் கொடுக்கவில்லை. கம்பெனி கல்கத்தா ஹைகோர்ட்டில் தாவா போட்டது.

"ஒப்பந்தமே இல்லை!"

சர்க்காரின் வாதம் என்ன தெரியுமா? வேலை மோசம் என்றோ பில் அதிகம் என்றோ அல்ல. "எங்களுக்கும் இவர்களுக்கும் ஒப்பந்தமே கிடையாது" என்பதுதான்.

இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதற்குச் சட்ட ஆதாரம் இருந்தது. அப்போது அமலில் இருந்தது 1935-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டம். அதன் 175-வது பிரிவுப்படி, மாகாண சர்க்காரின் ஒப்பந்தம் கவர்னர் பெயரில் எழுதப்பட வேண்டும். கவர்னர் அதிகாரம் கொடுத்த ஆள்தான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஆரம்பாக்கிலும் கானாகுலிலும் அப்படி ஒன்றும் எழுதவில்லை. உத்தரவிட்ட அதிகாரிகளுக்கு அந்த அதிகாரமும் இல்லை.

இது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தானே என்று நினைத்துவிட வேண்டாம். நமது அரசியல் சட்டத்தின் 299-வது ஷரத்தும் இதையேதான் சொல்கிறது. கவர்னர் அல்லது ஜனாதிபதி பெயரில், அதிகாரம் பெற்றவர் கையெழுத்துடன் இருந்தால்தான் சர்க்கார் ஒப்பந்தம் செல்லும்.

இந்த விதி வீண் விதி அல்ல. பொதுப்பணம் என்பது ஜனங்களின் வரிப்பணம். எந்த அதிகாரி வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் வாய் வார்த்தையில் வேலை கொடுத்துவிட்டு, "சர்க்கார் கொடுக்கும்" என்று சொல்லிவிடலாம் என்றால் கஜானா என்ன ஆகும்?

ஆகவே, "செல்லுபடியாகும் ஒப்பந்தம் இல்லை" என்ற வாதத்தைக் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. அத்துடன் கேஸ் முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை!

எழுபதாவது பிரிவு

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் எழுபதாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தில் இருந்தாலும், ஒப்பந்தம் இல்லாத இடத்தில் கைகொடுப்பதற்கென்றே ஏற்பட்ட பிரிவு அது.

அதன் சாரம் இதுதான். ஒருவர் சட்டத்துக்கு உட்பட்டு மற்றொருவருக்காக ஒரு வேலையைச் செய்கிறார், அல்லது ஒரு பொருளைக் கொடுக்கிறார். இனாமாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை. மற்றவர் அதன் பலனை அனுபவிக்கிறார். அப்படியானால் அனுபவித்தவர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். அல்லது பொருளைத் திருப்பித் தர வேண்டும்.

சட்டப் புத்தகத்திலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. ஒரு வியாபாரி தவறுதலாக உங்கள் வீட்டில் சாமானை இறக்கிவிட்டுப் போகிறார். நீங்கள் அதை உங்கள் சொந்தச் சாமான்போல் பாவித்துவிடுகிறீர்கள். விலை கொடுத்தே ஆக வேண்டும். இது ஒன்று. உங்கள் சொத்தில் தீப்பிடிக்கிறது. ஒருவர் ஓடிவந்து காப்பாற்றுகிறார். உபகாரமாகவே செய்தார் என்பது சந்தர்ப்பத்திலிருந்து தெரிந்தால், அவர் உங்களிடம் பணம் கேட்க முடியாது. இது இரண்டாவது.

காண்டிராக்டர் கிடங்கு கட்டியது தர்மத்துக்காக அல்ல. எஸ்டிமேட் கொடுத்துவிட்டுக் கட்டினார். அதன் பலனைச் சர்க்கார் அனுபவித்தது. எனவே எழுபதாவது பிரிவுப்படி பணம் கொடுக்க வேண்டும் என்று கல்கத்தாவில் முதலில் விசாரித்த நீதிபதி சொன்னார். அப்பீல் கேட்ட நீதிபதிகளும் அதையே சொன்னார்கள். மேற்கு வங்க அரசு விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

கிடங்கை இடிக்கச் சொல்லியிருக்கலாமே!

ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். முக்கியமான தீர்ப்பை எழுதியவர் ஜஸ்டிஸ் கஜேந்திரகட்கர். பின்னர் 1964-ல் இந்தியாவின் பிரதம நீதிபதி ஆனவர் அவர்.

சர்க்காரின் வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: "முன் வாசலைச் சட்டம் சாத்தியிருக்கிறது. எழுபதாவது பிரிவு என்ற பின் வாசல் வழியாகக் காண்டிராக்டரை உள்ளே விட்டால், முன் வாசலைச் சாத்தி என்ன பிரயோஜனம்?"

நல்ல கேள்வி. அதற்குக் கிடைத்த பதிலும் நல்ல பதில். காண்டிராக்டர் ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லிக் கேட்கவில்லை. ஒப்பந்தத்தை மீறியதற்கு நஷ்ட ஈடும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைக்காது. அவர் கேட்பது, சர்க்கார் ஏற்று அனுபவித்த பலனுக்கு ஈடு மட்டுமே. இந்தப் பொறுப்பு ஒப்பந்தத்தில் பிறந்தது அல்ல. பலனை ஏற்றுக்கொண்டதில் பிறந்தது.

அடுத்தாற்போல் நீதிபதி சொன்னதுதான் இந்தத் தீர்ப்பின் உயிர்நாடி. "வேண்டாம்" என்று சொல்லச் சர்க்காருக்கு உரிமை இருந்தது. கிடங்கைக் கட்டி முடித்த பிறகுகூட, "இது எங்களுக்கு வேண்டாம். இடித்து உன் சாமான்களை எடுத்துக்கொண்டு போ" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் எழுபதாவது பிரிவு தலைகாட்டியே இராது. அப்படிச் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டார்கள், உபயோகித்தார்கள். எடுத்துக்கொண்ட பிறகு கொடுக்க மாட்டேன் என்பது நியாயமா?

நாட்டு நடப்பையும் நீதிபதி மறந்துவிடவில்லை. பெரிய சர்க்கார் யந்திரம் ஓடும்போது அதிகாரிகள் எத்தனையோ சில்லறை ஒப்பந்தங்களைச் செய்கிறார்கள். சில சமயம் அவசரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. எல்லாம் சட்டம் சொன்ன பாணியில் இருப்பதில்லை. அதற்காக, அவர்களை நம்பி வேலை செய்தவர் தலையில் முழு நஷ்டத்தையும் கட்டலாமா? பிறர் உழைப்பில் நியாயமில்லாமல் லாபம் அடையக் கூடாது என்ற விதி தனி மனிதனுக்கு எப்படியோ, அப்படித்தான் சர்க்காருக்கும்.

அப்பீல் தள்ளுபடி ஆயிற்று. காண்டிராக்டர் ஜெயித்தார். ஆனால் மண் சாலை போட்டுப் பதினேழு வருஷம் கழித்து! அணா போய் நயா பைசா வந்த பிறகு, அந்த எட்டணா பில்லுக்குத் தீர்ப்பு வந்தது.

சென்னையில் ஓர் ஏரி

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இதே எழுபதாவது பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு, சர்க்காரே வாதியாக வந்து ஜெயித்திருக்கிறது. அது நம் பக்கத்துக் கதை.

1894-ல் சென்னை ஹைகோர்ட்டில் தாமோதர முதலியார் வழக்கு என்று ஒன்று நடந்தது. பதினொரு கிராமங்களுக்குப் பாய்ச்சல் தரும் ஏரி ஒன்று. அவற்றில் சில சர்க்கார் கிராமங்கள், சில ஜமீன் கிராமங்கள். ஏரியைக் காப்பாற்றச் சர்க்கார் செலவு செய்து பழுது பார்த்தது. ஜமீன் கிராமங்களுக்கும் தண்ணீர் பாய்ந்தது. "உங்கள் பங்குச் செலவைக் கொடுங்கள்" என்று சர்க்கார் கேட்டது. ஒப்பந்தம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் கோர்ட்டு, "சர்க்கார் இனாமாகச் செய்யவில்லை, நீங்கள் பலன் அடைந்தீர்கள், பங்கைக் கொடுங்கள்" என்று தீர்ப்பளித்தது.

ஏரி மராமத்தில் சர்க்காருக்கு ஒரு நியாயம், கிடங்கு விஷயத்தில் காண்டிராக்டருக்கு வேறு நியாயம் என்று இருக்க முடியாது அல்லவா?

பாதியில் விட்ட வீடு

இதுவரை காண்டிராக்டர் பக்கத்தைப் பார்த்தோம். வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. பாதியில் வேலையை விட்டுவிட்டு மேஸ்திரி மறைந்துவிட்டால்?

இங்கிலாந்தில் 1898-ல் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். சம்ப்டர் என்பவர் ஹெட்ஜஸ் என்பவரின் மனையில் இரண்டு வீடுகளும் குதிரை லாயமும் கட்டித் தர ஒப்புக்கொண்டார். பேசிய தொகை 565 பவுன். ஏறக்குறைய 333 பவுன் மதிப்புக்கு வேலை ஆயிற்று. "இனி என் கையில் பணம் இல்லை" என்று சம்ப்டர் நிறுத்திவிட்டார். வீட்டுக்காரர் தாமே மீதியைக் கட்டி முடித்தார். காண்டிராக்டர் மனையில் விட்டுப்போன சாமான்களையும் அதற்கு உபயோகித்துக்கொண்டார்.

சம்ப்டர் கோர்ட்டுக்குப் போனார். அரைகுறை வேலைக்குப் பாக்கிப் பணம் கிடையாது என்றது கோர்ட்டு. விட்டுப்போன சாமான்களுக்கு மட்டும் விலை கிடைத்தது.

ஏன் இந்த வித்தியாசம்? தன் மனையில் பாதிச் சுவர் நிற்கும்போது வீட்டுக்காரர் என்ன செய்வார்? அதை அப்படியே விட்டுவிட்டு ஓடவா முடியும்? வேறு வழி இல்லாமல்தான் கட்டி முடித்தார். ஆனால் குவிந்து கிடந்த சாமான்களைத் தொடலாம், தொடாமலும் இருக்கலாம். தொட்டார், ஆகவே விலை கொடுக்க வேண்டும்.

இது வெளிநாட்டுத் தீர்ப்பு. நம்மூர்க் கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது. ஆனால் ஆரம்பாக் கிடங்குக்கும் இந்த வீட்டுக்கும் அடிப்படைக் கேள்வி ஒன்றே: "வேண்டாம் என்று சொல்ல வழி இருந்ததா? இருந்தும் எடுத்துக்கொண்டாயா?"

எவ்வளவு கிடைக்கும்?

எழுபதாவது பிரிவு இருக்கிறது என்று தைரியமாகக் கையெழுத்தில்லாமல் வேலை செய்யலாமா? கூடவே கூடாது.

முதலாவது, அந்தப் பிரிவில் கிடைப்பது நியாயமான ஈடுதான். "நான் கேட்ட ரேட்டு" என்று பிடிவாதம் பிடிக்க முடியாது. பூனா நகரசபைக்கு வண்டி உதிரிப் பாகங்கள் கொடுத்தவர் வழக்கில், 1970-ல் சுப்ரீம் கோர்ட்டு மார்க்கெட் விலையைத்தான் அளவுகோலாக வைத்தது.

இரண்டாவது, செல்லுபடியாகும் ஒப்பந்தம் இருந்தால் அந்த ஒப்பந்தம் சொல்வதுதான் கணக்கு. பேசிய ரேட்டு நஷ்டமாகிவிட்டது என்று எழுபதாவது பிரிவுக்குத் தாவ முடியாது.

மூன்றாவது, எல்லாவற்றையும் ருசுப்பிக்க வேண்டியவர் வேலை செய்தவர்தான். தனி மனிதர்களுக்குள் வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். ஆனால் "அவர் சொன்னார், நான் கட்டினேன்" என்பதற்குச் சாட்சி யார்? பூசிய சுவர் வாய் திறந்து பேசுமா?

மூன்று வருஷக் கெடு

தாட்சண்யத்தால் பணத்தை இழந்தவர்கள் பலர். "பெரிய மனிதர், எப்படியும் கொடுத்துவிடுவார்" என்று நடந்துகொண்டே இருப்பார்கள். காலாவதிச் சட்டம் தாட்சண்யம் பார்க்காது.

1963-ம் வருஷத்துக் காலாவதிச் சட்டப்படி, கேட்டுக்கொண்டதன் பேரில் செய்த வேலைக்குப் பணம் தரத் தேதி குறிக்காவிட்டால், வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் தாவா போட வேண்டும். தவணை பேசாமல் கொடுத்த செங்கல், மணல், சிமெண்டுக்கு, சரக்கை இறக்கிய நாளிலிருந்து மூன்று வருஷம்.

கெடு தாண்டுவதற்கு முன், "இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடும். கொஞ்சம் பணம் கொடுத்தாலும் அப்படியே. ஆனால் அது அவர் கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ இருக்க வேண்டும். "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற வாய்ச்சொல்லுக்கு அந்தச் சக்தி கிடையாது.

முறைப்படி பதிவு செய்துகொண்ட செங்கல் சூளை போன்ற சிறு உற்பத்தியாளர்களுக்கு 2006-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றும் துணை நிற்கிறது. சரக்கை ஏற்றுக்கொண்டவர், எப்படிப் பேசியிருந்தாலும், 45 நாளைக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. வைத்தால், ரிசர்வ் பாங்கு அறிவிக்கும் பாங்கு வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டுவட்டியாக ஏறும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

வக்கீல் வைத்துப் பத்திரம் எழுதச் சின்ன மேஸ்திரிக்கு வசதி இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க முடியாதா?

மராமத்து இலாகாவில் அளவுப் புத்தகம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். எந்த வேலை, எத்தனை அடி நீளம், எத்தனை அடி உயரம் என்று அளந்து அதில் ஏற்றிய பிறகுதான் பில். வீட்டு வேலைக்கும் அதே முறையைக் கையாளலாம். அஸ்திவாரம், லிண்டல் மட்டம், ரூப் காங்கிரீட், பூச்சு வேலை என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும், அளவையும் வாங்கிய பணத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

சாமான் வந்தால் சலானில் கையெழுத்து வாங்குங்கள். நடுவில், "இங்கே ஓர் அலமாரி வைத்துவிடுங்கள், அங்கே படியை மாற்றிவிடுங்கள்" என்று வீட்டு அம்மாள் சொன்னால், தலையை ஆட்டிவிட்டுக் கரண்டியை எடுக்காதீர்கள். "இதற்கு இவ்வளவு ஆகும், அம்மா" என்று நோட்டில் எழுதிக் காட்டிவிட்டு எடுங்கள். பெரும்பாலான சண்டை இந்த அதிகப்படி வேலையில்தான் ஆரம்பிக்கிறது.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலையில் குறை இருந்தால் அன்றே சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். வேண்டாத வேலையை நடக்கும்போதே நிறுத்துங்கள். கட்டி முடிகிற வரையில் பார்த்துக்கொண்டிருந்து, குடியும் புகுந்துவிட்டு, பணம் கேட்கும்போது "நான் சொல்லவில்லையே" என்றால் கோர்ட்டு கேட்காது. சர்க்கார் சொன்னபோதே கேட்கவில்லை!

ஆரம்பாக் காண்டிராக்டருக்குக் கடைசியில் நியாயம் கிடைத்தது. ஆனால் பதினேழு வருஷம் கோர்ட்டு வாசலில் நிற்க எத்தனை மேஸ்திரிகளால் முடியும்? பாக்கியை அவ்வப்போது தீர்த்துவிட்டால் இரு தரப்புக்கும் அந்த அலைச்சல் இல்லை. வீட்டுக்காரருக்கு அது கடைசித் தவணை. மேஸ்திரிக்கோ பெரும்பாலும் அதில்தான் அவருடைய கூலியே இருக்கிறது. முன்னால் வாங்கியதெல்லாம் செங்கல்லுக்கும் சித்தாளுக்கும் போய்விட்டது.